டிரான்ஸ்போஸ் பொத்தானும் பதினாறு பாட்டும்: கொழும்பு மெல்லிசைக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் ஒத்திகை பார்க்கும் மெல்லிசைக் குழு அது. மொத்தம் எட்டுப் பேர்: கீபோர்ட் இரண்டு, லீட் கிட்டார், பேஸ் கிட்டார், ஒக்டபாட் என்ற மின்னணு ட்ரம், டோலக்கும் தபேலாவும் வாசிப்பவர் ஒருவர், பாடகர், பாடகி. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று வருடம் முழுக்க மேடை உண்டு. எல்லோரும் கேள்வி ஞானத்தில் வாசிப்பவர்கள். பாட்டை நாலு தரம் கேட்டால் ஐந்தாம் தரம் கை வந்துவிடும். பாடகி கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றவர், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள் எழுதியவர். இரண்டாவது கீபோர்ட்காரர் பாடசாலைக் காலத்தில் பியானோ மூன்றாம் கிரேடோடு நிறுத்தியவர். அதை யாரும் ஒரு தகுதியாக எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் பழைய பாடல்களின் இரவு ஒன்று ஒழுங்காயிற்று. இசைத்தட்டில் கேட்டது போலவே வேண்டும் என்றார்கள். அதனால் ட்ரம்பெட், அல்டோ சாக்ஸபோன், ட்ரொம்போன் என்று மூன்று ஊதுவாத்தியக்காரரும் நான்கு வயலின்காரரும் வெளியிலிருந்து சேர்க்கப்பட்டார்கள். ஊதுபவர்கள் மூவரும் படைப்பிரிவு பேண்ட் வாத்தியத்தில் பழகிய சிங்களவர்கள். தாளைப் பார்த்து ஊதுவது அவர்களுக்குத் தொழில். வயலின்காரரில் இருவர் மேற்கத்திய முறையில் வந்தவர்கள், மற்ற இருவர் சிங்களக் கீழைத்தேய இசை மரபில் சுர எழுத்தை வைத்துப் படித்தவர்கள். ஆக மேடையில் 15 பேர். சேர்ந்து வாசிக்க 16 பாட்டு. மும்மூன்று மணி நேரமாக மூன்று ஒத்திகை.

இசைக் கோட்பாடும் இசைத்தாளும் படித்தால் வாசிப்பவருக்கு உண்மையில் பயன் உண்டா என்ற பழைய வாதத்தை இந்த மூன்று ஒத்திகையை வைத்துப் பார்க்கலாம். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கோட்பாடு என்பது கேட்கிற சத்தத்துக்குப் பெயரும் காரணமும் சொல்லத் தெரிவது. தாள் என்பது அதை இன்னொருவர் கையில் கொடுக்கும் வழி. தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வயலினையும் வாசிக்கிறோம்; சொல் ஒன்றாக இருப்பதாலோ என்னவோ இந்த இரண்டையும் பலர் ஒரே மூட்டையாகக் கட்டி, வேண்டும் அல்லது வேண்டாம் என்று முடித்துவிடுகிறார்கள்.

முதல் ஒத்திகை: மூன்று மணி நேரம், நான்கு பாட்டு

கீரவாணி ராகச் சாயலில் ஒரு பாட்டு. ட்ரம்பெட்காரர் கேட்டார்: "தம்பி, என்ன கீ?"

"ஏ மைனர் அண்ணே."

முதல் கீபோர்ட்காரர் பொய் சொல்லவில்லை. அவருடைய விரல்கள் ஏ மைனரில்தான் இருந்தன. ஆனால் விரலை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான் +3இல், அதாவது மூன்று அரைச்சுரம் மேலே, நின்றது. ஸ்பீக்கரில் வந்தது சி மைனர், அதாவது பாடகியின் சுருதி. கிட்டார்காரர்கள் அதைக் காதால் பிடித்து ஏற்கனவே சி மைனருக்குப் போயிருந்தார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இதுவரை இருந்ததில்லை.

இனி கணக்கு. ட்ரம்பெட் பி ஃப்ளாட் வாத்தியம். எழுதியிருப்பதைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும். ஏ மைனர் ஒலிக்க வேண்டுமென்றால் அவர் பி மைனர் ஊத வேண்டும், ஊதினார். ட்ரொம்போன் எழுதியபடியே ஒலிக்கும்; அவர் ஏ மைனரே ஊதினார். அல்டோ சாக்ஸ் ஈ ஃப்ளாட் வாத்தியம். எழுதியதைவிட ஒன்பது அரைச்சுரம் கீழே ஒலிக்கும். அவர் எஃப் ஷார்ப் மைனருக்குப் போயிருக்க வேண்டும். மறதியில் நேரே ஏ மைனரை ஊதிவிட்டார். அல்டோவில் ஏ என்று ஊதினால் வெளியே வருவது சி. ஆக மூன்று பேரில் பாட்டோடு சரியாகச் சேர்ந்தவர் தன் கணக்கை மறந்தவர் மட்டும்தான். மற்ற இருவரும் அவரைத்தான் முறைத்துப் பார்த்தார்கள். ஏனென்றால் தாங்கள் கணக்குச் சரியாகப் போட்டது அவர்களுக்கு நிச்சயம். இந்த முடிச்சை அவிழ்க்க இருபது நிமிடம் போயிற்று.

அடுத்த முடிச்சு வயலினில். பாடகி இடையிசைக்குச் சுரம் சொன்னார்: ஸ ரி க ம ப த நி. கீரவாணியில் 'க' என்றால் அவருக்குச் சாதாரண காந்தாரம், 'த' என்றால் சுத்த தைவதம். ராகத்தின் பெயர் சொன்ன பிறகு எந்தக் காந்தாரம் என்று தனியாகச் சொல்வது கர்நாடக வழக்கமில்லை. சிங்களக் கீழைத்தேய மரபு வட இந்திய வழியில் வந்தது. அங்கே குறியில்லாத 'க' என்றால் மேலேயுள்ள காந்தாரம்; கீழேயுள்ளதென்றால் 'கோமள்' என்று சொல்ல வேண்டும். வயலின்காரர் இருவரும் சொன்னதைச் சொன்னபடி வாசித்தார்கள். கீரவாணி சங்கராபரணமாக வந்து நின்றது. இரண்டே சுரம்தான் மாறியது, அழுகைப் பாட்டு கொண்டாட்டப் பாட்டாகிவிட்டது. "காவும் தாவும் கோமள்" என்று ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அந்த வார்த்தை இந்தப் பக்கம் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாவது சிக்கல் குழுவுக்குள்ளேயே பல வருடமாகக் கிடந்தது. ஊதுவாத்தியம் சேர்ந்ததும் வெளியே தெரிந்தது. பல்லவி முடிந்து திரும்பும் இடத்தில் ஏதோ புளித்தது. வழக்கமாகக் கீபோர்ட்காரர் அந்த இடத்தில் ஜி மைனர் கோர்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம், பிடிப்பார். சி மைனர் குடும்பத்தில் ஜி மைனர் பொதுவாகப் பொருந்தும், அதில் குற்றமில்லை. ஆனால் கீரவாணியின் நிஷாதம் காகலி நிஷாதம். சி சுருதியில் அது பி. ஜி மைனருக்குள் இருப்பது பி ஃப்ளாட், அதற்கு அரைச்சுரம் கீழே. பாடகி பி பாட, கீழே பி ஃப்ளாட் உறுமும். பாடகியின் குரலும் கீபோர்டின் மெல்லிய ஸ்ட்ரிங்ஸ் சத்தமும் மட்டும் இருந்தபோது மறைந்து கிடந்தது, ட்ரொம்போன் அதையே ஊதியபோது பல்லைக் கூசியது. காதுக்குப் பிழை இருப்பது தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. ஒவ்வொருவராக நிறுத்தி வாசித்துப் பார்த்தார்கள். கடைசியில் கிரேட் மூன்றுக்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: "அது ஜி மேஜரா இருக்க வேணும்." ஒரு விரல் அரைச்சுரம் மேலே போனது, முடிந்தது. கோட்பாடு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சிறிய உதாரணம் கிடைக்காது. கேட்கும் திறனை அது கூட்டவில்லை. தேடும் இடத்தைச் சுருக்கிவிட்டது.

எழுதியது எது, எழுதாமல் விட்டது எது

மீதிப் பன்னிரண்டு பாட்டையும் எழுதிவிடுவது என்று முடிவாயிற்று. எழுதும் வேலை கிரேட் மூன்றுக்காரர் தலையில். பாட்டுக்குச் சராசரி 40 நிமிடம், மொத்தம் எட்டு மணி நேரம். அவர் எல்லாவற்றையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒரு மாதம் போயிருக்கும்.

குழுவில் உள்ளவர்களுக்கு ஒரு பாட்டுக்கு ஒரே ஏ4 பக்கம், வழித்தாள். மேலே கொட்டை எழுத்தில் ஒலிக்கும் கீயும் கட்டையும்: சி மைனர், 1 கட்டை. பக்கத்தில் வேகம், நிமிடத்துக்கு எத்தனை அடி என்று. அதற்குக் கீழே முன்னிசை 8 பார் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று), பல்லவி 8, இடையிசை 7, சரணம் 16 என்று வரிசை. அந்த ஏழுதான் முக்கியம். பழைய படப்பாடல்களின் இடையிசை எப்போதும் எட்டாக முடியாது. ஏழாக முடியும், அல்லது நடுவில் அரைப் பார் ஒன்று செருகியிருக்கும். காதால் வாசிப்பவர் அதை மெட்டோடு சேர்த்து விழுங்கிவிடுவார். புதிதாக வருபவர் எட்டு என்று எண்ணி நிற்பார்.

கோர்ட்டுகளை எழுத்துப் பெயரில் எழுதாமல் ஸ, ம, ப என்று படியின் பெயரில் எழுதினார். இது நல்ல யோசனை. சுருதி மாறினாலும் தாள் மாறாது. உண்மையில் டிரான்ஸ்போஸ் பொத்தானை நம்பி எல்லாப் பாட்டையும் ஒரே இடத்தில் வாசிப்பவர், தனக்கே தெரியாமல் படிகளைக்கொண்டுதான் யோசிக்கிறார். அந்த அறிவுக்குப் பெயர் கொடுத்தால் பாதிக் கோட்பாடு ஏற்கனவே கையில் இருக்கிறது.

ஊதுவாத்தியத்துக்கும் மேற்கத்திய வயலினுக்கும் மட்டும் ஐந்து கோட்டில், அதாவது மேற்கத்திய சுரக்குறியில், அவர்கள் வாசிக்கும் இடங்களை மட்டும் எழுதினார். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் ஒலிக்கும் சுருதியில் ஒரு தரம் எழுதினால், ட்ரம்பெட்டுக்கும் அல்டோவுக்கும் வேண்டிய மாற்றத்தை அதுவே செய்து தனித்தனித் தாளாகத் தரும். சும்மா இருக்கும் பார்களுக்கு நீண்ட கோடும் மேலே எண்ணும் போதும். கீழைத்தேய மரபு வயலின்காரர் இருவருக்கும் சுர எழுத்து, கோமள் குறியோடு.

பிழைகளும் வந்தன. ஓரடிக்குள் மூன்று விழும் திஸ்ர நடைப் பாட்டொன்றை அவர் 4/4இல் எழுதி, ஒவ்வொரு அடிக்கும் மேலே சின்னதாக 3 போட்டிருந்தார். பக்கம் முழுக்க மூன்று மூன்றாகக் கொசு மொய்த்தது போலிருந்தது. 12/8இல் திருப்பி எழுதியதும் அதே இசை பார்த்தவுடன் விளங்கியது. இன்னொன்று, கீபோர்டின் பிராஸ் சத்தத்தைக் கேட்டு எழுதியதால் மூச்சு விட இடமே வைக்கவில்லை. கீபோர்டுக்கு நுரையீரல் கிடையாது. பன்னிரண்டு பார் தொடர்ந்து ஊதச் சொன்னால் ட்ரம்பெட்காரர் அடுத்த பாட்டுக்கு உதடில்லாமல் நிற்பார். நாலு பாருக்கொரு ஓய்வு வைத்து, ஐந்து கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜியைத் தாண்டாமல் பெரும்பாலும் கீழேயே வைத்துக்கொண்டதும் சரியாயிற்று.

இரண்டாம் ஒத்திகையில் ஒன்பது பாட்டு முடிந்தது. மீதி மூன்றும் மூன்றாம் ஒத்திகையின் முதல் ஒரு மணி நேரத்தில். முதல் நாள் வேகத்திலேயே போயிருந்தால் பன்னிரண்டு பாட்டுக்கு ஒன்பது மணி நேரம். 15 பேர் என்று பெருக்கினால் 135 ஆள்மணி. தாள் வைத்து நான்கு மணி நேரம், 60 ஆள்மணி. எழுதிய எட்டையும் கூட்டினால் 68. மண்டப வாடகையும் வெளிக் கலைஞரின் கொடுப்பனவும் மணிக்கணக்கில் போகும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. மொழிச் சிக்கலும் பாதி அங்கேயே தீர்ந்தது. தாளில் 'பி' எழுத்துப் பகுதி என்று விரலை வைத்துக் காட்டினால் தமிழும் வேண்டாம், சிங்களமும் வேண்டாம்.

தாள் தடுமாறிய இடங்கள்

இரண்டாம் ஒத்திகையில் பாடகர் ஒரு பல்லவியை ஆசையில் இரண்டாம் தரம் பாடினார். குழுவிலுள்ள மற்ற ஏழு பேரும் கண்ணைக்கூட உயர்த்தாமல் அவரோடு திரும்பிப் போனார்கள். ஐந்து கோட்டுத் தாளில் இருந்த ஐந்து பேர் இடையிசைக்குள் விழுந்தார்கள். காதுக்காரர் பாடகரைத் தொடர்கிறார், தாள்காரர் பாரைத் தொடர்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் பெட்டிக்குள் ஓர் எழுத்து; திரும்பிப் போவதென்றால் ஒக்டபாட்காரர் இடது கையைத் தூக்க வேண்டும். ஊதுபவர்கள் தாங்களாகவே பென்சிலால் "கை பார்" என்று சிங்களத்தில் எழுதிக்கொண்டார்கள். பேனாவால் எழுதக் கூடாது, அடுத்த மேடைக்கு அது பொய்யாகிவிடும்.

கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் ஒலிப்பது, வேறு கதை. ஓர் இடையிசை வயலின் வரியில் ஒவ்வொரு சுரமும் சரி, காலமும் சரி, ஆனால் ஊதிய பலூனில் காற்று இறங்கியது போலிருந்தது. கர்நாடக இசையில் சுரப் பெயர் ஒரு புள்ளியைக் குறிப்பதில்லை. தோடியின் காந்தாரத்தை எழுதினால் ஓரெழுத்து, பாடினால் அது மேலும் கீழும் போய் வரும் ஓர் அசைவு. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' கமகங்களுக்கென்று தனிக் குறிகளே வகுத்தது. அப்படியிருந்தும் குருவிடம் கேட்காமல் அதை மட்டும் வைத்துப் பாடுபவர் அரிது. இங்கே பாடகி அந்த நாலு பாரை ஆறு தரம் பாடிக் காட்டினார், வயலின்காரர் தாளை மூடிவிட்டுக் கேட்டார்கள். பதினைந்து நிமிடத்தில் வந்தது. அந்த நேரத்தில் எழுதிக் கொடுக்க முயன்றிருந்தால் வந்திராது. டோலக்கின் நடையும் அப்படியே. 6/8 என்று எழுதலாம், அடி எவ்வளவு சோம்பலாக விழ வேண்டும் என்று எழுத முடியாது.

மேடைக்கு முதல் நாள் மாலை பாடகிக்குத் தொண்டை கட்டியது. எழுதி வைத்திருந்த இன்னொரு சி மைனர் பாட்டு அரைச்சுரம் இறங்க வேண்டும். கீபோர்டுக்கு ஒரு பொத்தான். கிட்டாருக்குக் கேப்போ என்ற கழுத்துக் கவ்வி சுருதியை மேலே ஏற்ற மட்டும்தான் உதவும், இறக்க உதவாது. விரலை மாற்ற வேண்டும். ஊதுபவருக்கோ உலகமே மாறுகிறது: ட்ரம்பெட்டின் டி மைனர், அதாவது ஒரு ஃப்ளாட், சி ஷார்ப் மைனராகி நான்கு ஷார்ப் ஆகிறது. ஒன்றுமில்லாத ஏ மைனரில் இருந்த அல்டோவுக்கு ஐந்து ஷார்ப். கோப்பில் சுருதியை மாற்றிப் பென் டிரைவில் எடுத்து, காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்ததால் பிழைத்தார்கள். கையால் எழுதிய தாளாக இருந்திருந்தால் அந்தப் பாட்டில் ஊதுவாத்தியமே இருந்திராது.

சின்னச் சின்னத் தொல்லைகளும் உண்டு. மண்டபத்து ஃபேன் காற்றுக்குத் தாள் பறந்தது. உடுப்புக் காயப்போடும் கிளிப் இரண்டு ஸ்டாண்டுக்குப் போதும். மேடை விளக்கு நீலமானபோது ஒன்றும் தெரியவில்லை. ஸ்டாண்டுக்கொரு சின்ன விளக்கு வாங்க முன்பே யோசித்திருக்கலாம்.

"பீட்டில்ஸ்காரருக்கே தெரியாதே"

தாள் வேண்டாம் என்பவர்கள் சொல்வது இது. தெரியாதுதான். லெனனும் மெக்கார்ட்னியும் ஐந்து கோட்டு முறை படிக்கத் தெரியாதவர்கள். ஆனால் அவர்கள் பாட்டில் வயலின் கூட்டம் வரும்போது, லண்டன் கில்ட்ஹோல் இசைப்பள்ளியில் படித்த அவர்களுடைய தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின்தான் பெரும்பாலும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். ஓர் அறையில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும் என்பதற்குத்தான் அது சாட்சி. ஒருவருக்கும் வேண்டாம் என்பதற்கு அல்ல.

எங்கள் பக்கத்து உதாரணம் இன்னும் வேடிக்கையானது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த இளையராஜா 1976இலிருந்து தந்த பாடல்கள் சென்னை ஸ்டூடியோக்களில் தாளில் எழுதி வாசிக்கப்பட்டவை. கொழும்பு மேடைகளில் அவற்றைக் காதால் மட்டும் பிடித்து வாசிக்கும் குழுக்கள், எழுத்தில் பிறந்த ஒன்றைத்தான் எழுத்தில்லாமல் திரும்பக் கட்டுகின்றன. அந்தக் காதுகளின் திறமைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். பேஸ் வரி எப்போதும் கொஞ்சம் தொலைந்துபோவதற்கும் அதுதான் காரணம்.

மறுபக்கமும் உண்டு. கொழும்பில் கிரேட் எட்டு முடித்து, பிறந்தநாள் வீட்டில் ஒரு பாட்டுக்குப் பின்னணி வாசிக்கச் சொன்னால் "நோட்ஸ் இல்லை" என்று ஒதுங்கும் பிள்ளைகள் ஏராளம். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரித்தானிய இசைப் பரீட்சை முறையில் ஆறாம் கிரேட் செய்முறைக்குப் போகுமுன் ஐந்தாம் கிரேட் கோட்பாடோ அதற்கீடான ஒன்றோ தேற வேண்டும். அதனால் கோட்பாடு தாண்டிப் போகும் மதிலாகிவிடுகிறது. இடைவெளிகளை எண்ணத் தெரியும், கேட்டால் பிடிக்கத் தெரியாது. அதற்குக் கோட்பாட்டின்மேல் பழி போடுவது சரியல்ல. பியானோ இருக்கும் அறையிலேயே அதைப் பியானோ இல்லாமல் படிப்பிப்பதுதான் பிழை.

அதன்பின் குழு படித்தது

எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கவில்லை. டோலக்காரர் மாட்டேன் என்றார், அவரை விட்டுவிட்டது நியாயம்தான். ஒக்டபாட்காரருக்குத்தான் பலன் முதலில் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு குறி தெரிந்தால் அவருக்குத் தாள் போதும், அதற்கும் சொற்கட்டு வழியாகப் போனது சுலபமாயிற்று: ஓரடிக்குள் நான்கு என்றால் தகதிமி, இரண்டு என்றால் தக, 6/8 என்றால் தகிட தகிட, ஏழு வந்தால் தகிட தகதிமி. வாயால் சொல்லி, கையால் தட்டி, பிறகுதான் தாளைப் பார்ப்பது. தினமும் இருபது நிமிடம், ஆறு வாரத்தில் ஒரு பக்கத்தை நிற்காமல் தட்டினார். எந்தச் சுரம் என்பதைவிட எப்போது என்பதுதான் புதியவரைக் கவிழ்க்கிறது. ஆகவே தாளத்தை முதலில் படிப்பதே மிச்சம்.

முதல் கீபோர்ட்காரருக்கு ஆரம்பப் பாடம் டிரான்ஸ்போஸை 0இல் வைத்து ஒலிக்கும் கீயின் பெயரைச் சொல்வது. பழகிய நான்கு பாட்டை, சி மைனர், டி மைனர், ஈ மைனர் என்று மூன்று இடத்தில். முதல் வாரம் விரல் கெஞ்சியது. லீட் கிட்டார்காரர் கோர்ட்டின் உள்ளே எந்தச் சுரங்கள் என்று படித்தார், ஐந்து கோட்டுக்குப் போகவில்லை. பாடகர் பார் எண்ணக் கற்றுக்கொண்டார். பல்லவியை இரண்டாம் தரம் பாடும் ஆசை இன்னும் போகவில்லை.

ஒத்திகை அறைக் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானுக்கு மேலே இப்போது ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. மேடைக்குப் போகும்போது அதை உரித்து, பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டி வைக்கிறார்கள். ஊதுவாத்தியம் இல்லாத மேடையென்றால் தொண்டை கட்டிய பாடகிக்கு அந்தப் பொத்தானைவிட வேகமான வழி கிடையாது.